தறிக்கூடத்திலிருந்து ஏறும் ரத்த அழுத்தம்

பொதட்டூர்பேட்டையில் பேருந்தை விட்டு இறங்கியதும் காதில் விழுவது தறிச் சத்தம். அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, அத்திமாஞ்சேரிபேட்டை என்று திருத்தணியைச் சுற்றி எந்த ஊரில் இறங்கினாலும் இதே சத்தம்தான். எல்லையைத் தாண்டி நகரி, புத்தூர் போனாலும் மாறாது. வீட்டின் முன்னறையில், பின்கட்டில், தகரக் கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் காதோரம் வாயை வைத்துக் கத்தித்தான் பேச வேண்டும். விசைத்தறிக் கூடங்களின் இரைச்சல் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும்.

ஒரே ஆள் நான்கு தறி பார்ப்பார், சில இடங்களில் அதற்கு மேலும். நாடாவுக்குள் இருக்கும் நூல்சுற்றான தார் தீர்ந்தால் உடனே மாற்ற வேண்டும். நீளவாட்டு நூலான பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, குனிந்து, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து மறுபடி ஓட்ட வேண்டும். அதற்குள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தறியில் தார் தீர்ந்திருக்கும். தறி நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது, நெய்து முடித்த துணிக்கு மட்டும்தான். நூல் விலை ஏறினால் பாவு வருவது தாமதமாகும். சந்தையில் சரக்கு தேங்கினால் பாவே வராது. மின்சாரம் போனால் அன்றைய கணக்கு முடிந்தது. இவற்றில் எதுவும் தறி ஓட்டுபவர் கையில் இல்லை. வாங்கிய முன்பணம் மட்டும் அவர் பெயரில் இருக்கிறது.

இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டிய ஒருவர் தலைசுற்றலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பிரஷர் 160க்கு மேல் நிற்கிறது. மாத்திரை எழுதித் தருகிறார்கள். உப்பைக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க, நல்லாத் தூங்குங்க என்கிறார்கள். மருத்துவர் சொல்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று அறிவுரைகளில் ஒன்றைத்தான் அந்த மனிதரால் தன் விருப்பப்படி செய்ய முடியும்.

தமிழ்நாட்டில் 2020இல் நடத்தப்பட்ட தொற்றாநோய் ஆய்வின்படி, வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். உப்பு, எண்ணெய், புகை, குடி, உடல் உழைப்புக் குறைவு ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், பேசவும் வேண்டும். தினசரி வாழ்க்கை எப்படி அமைந்திருக்கிறது என்பதிலிருந்தே வரும் ஓயாத மனஅழுத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், அதைத் தனிமனிதரின் சுபாவக் கோளாறாக்கி, மூச்சுப்பயிற்சியோடு முடித்துவிடுகிறோம். நாள்பட்ட மனஅழுத்தத்தின் பெரும்பகுதி கூலி, கடன், ஷிஃப்ட் ஆகியவற்றின் நிச்சயமின்மையில் பிறக்கிறது என்பதும், ஆகவே அதற்கான வைத்தியத்தில் பாதி ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கிறது என்பதும் என் கருத்து.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். திருத்தணி மலைக்குப் படி வழியாக ஏறியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வருடத்தின் நாட்களுக்குக் கணக்காக 365 படிகள். டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூசை செய்வார்கள். பாதிப் படி ஏறும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறி கால் தசைகளுக்குப் போகிறது, செரிமானம் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறது. மேலே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எல்லாம் இறங்கிவிடுகிறது. ஏறி இறங்குவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, நன்மைதான். ஆபத்து வந்தால் போராடவோ ஓடவோ உடம்பு இப்படித்தான் ஆயத்தமாகிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் நூறாண்டுக்கு முன்பே விளக்கினார். படி ஏறும் நிலையிலேயே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒருவர் வைக்கப்பட்டால் என்ன ஆகும்? இதை எலிகளை வைத்துச் சோதித்து, 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய கடிதமாக வெளியிட்டார் ஹான்ஸ் செல்யே. குளிர், காயம், மிதமிஞ்சிய உழைப்பு, நஞ்சு என்று எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடலில் ஒரே மாதிரியான சேதம் தெரிந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது.

அட்ரினலின் நொடிகளில் வேலை செய்யும். கார்ட்டிசால் நின்று நிதானமாக வேலை செய்யும். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்ட்டிசால் சுரக்கிறது. அளவு கூடினால் போதும் என்று மூளையே தகவல் அனுப்பி நிறுத்திவிடும். அழுத்தம் ஓயாமல் தொடரும்போது பழுதாவது இந்த நிறுத்தும் ஏற்பாடுதான். ரத்தச் சர்க்கரை உயர்ந்தே இருக்கிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, ரத்தக்குழாய்ச் சுவர்கள் விறைக்கின்றன, இரவிலும் ரத்த அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. உடம்பு சமாளித்துச் சமாளித்தே தேய்ந்துபோவதை ‘அலோஸ்டேட்டிக் லோடு’ என்றார் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புரூஸ் மெக்யூவன். கார்ட்டிசால் வகை ஹார்மோன் எலிகளின் மூளைக்குள்ளேயே ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் போய் ஒட்டுகிறது என்று 1968இல் கண்டுபிடித்துச் சொன்னதும் அவருடைய குழுதான்.

மூளை விஷயத்தில் முக்கியமான சோதனை நம் பக்கத்திலேயே, பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் சுமந்திர சட்டர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் எலிகளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அசையவிடாமல் கட்டிவைத்தார்கள். இப்படிப் பத்து நாட்கள். 2002இல் வெளியான முடிவு விசித்திரமானது. நினைவுக்கும் நிதானத்துக்கும் வேண்டிய ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன. பயத்துக்கான அமிக்டலாவில் அதே கிளைகள் வளர்ந்திருந்தன. கட்டவிழ்த்து 21 நாட்கள் நிம்மதியாக விட்ட பிறகும் அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே இருந்தது என்று அடுத்த ஆய்வு சொன்னது. எலிக்குக் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும், கடன் அடைந்த பிறகும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் திடுக்கிடும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு புதிராக இருக்காது.

நோய் எதிர்ப்பைப் பற்றி இரண்டு ஆய்வுகள் போதும். உளவியல் ஆய்வாளர் ஷெல்டன் கோஹன் 276 பேரின் மூக்கில் சளி வைரஸ் சொட்டுகளை விட்டுக் கண்காணித்தார். முடிவு 1998இல் வெளியானது. சில நாள் அழுத்தம் இருந்தவர்களுக்கு ஒன்றும் கூடுதலாக ஆகவில்லை. வேலையின்மை, குடும்பச் சண்டை என்று ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த அழுத்தம் உள்ளவர்களையே சளி அதிகமாகப் பிடித்தது. மற்றொன்று ஒஹாயோவில், மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் நடந்தது. கையில் சிறிய காயம் உண்டாக்கி, ஆறும் நாளைக் கணக்கிட்டார்கள். அவர்களுக்கு மற்ற பெண்களைவிடச் சுமார் ஒன்பது நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மலஜலம் எடுத்துவிட்டு, தார் சுற்றிக்கொண்டே சமைக்கும் பெண்ணின் உடம்பில் இந்த ஆய்வை நடத்தியிருந்தால் எத்தனை நாள் வந்திருக்குமோ.

எல்லாப் பழியையும் மனஅழுத்தத்தின் மேல் போடவும் கூடாது. வயிற்றுப் புண் என்றாலே கவலை என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று நிரூபித்து, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். ‘டென்ஷனால் வந்த அல்சர்’ என்று நாமே முடிவுகட்டி மருந்து சாப்பிடாமல் இருப்பது முட்டாள்தனம். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் பரம்பரை, உணவு, புகை எல்லாம் உண்டு. அழுத்தம் அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆனால் சிறிய ஒன்று இல்லை. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணிகளில் புகைக்கும் கொழுப்புக்கும் பக்கத்தில் மன-சமூக அழுத்தத்தையும் வைத்தது.

எந்த அழுத்தம் மிகவும் கெடுக்கிறது? பொறுப்பு அதிகமுள்ள பெரிய மனிதர்களுக்குத்தான் டென்ஷன் என்பது நம் ஊரின் பொது நம்பிக்கை. மேலதிகாரிக்கு ஆயிரம் கவலை, பியூனுக்கு என்ன கவலை என்பார்கள். லண்டனில் 1967இல் தொடங்கி அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த ‘ஒயிட்ஹால்’ ஆய்வு இதை அடியோடு புரட்டிப் போட்டது. மைக்கேல் மார்மோட் குழு கண்டது இது: கடைநிலையில் இருந்த கதவுக்காவலர்களும் கடிதம் கொண்டுபோகும் ஏவலர்களும் இதயநோயில் இறப்பது உச்சநிலை அதிகாரிகளைப்போல் மூன்று மடங்குக்கு மேல். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இடைவெளியில் பாதிக்கும் குறைவாகத்தான் விளங்கியது. 1985இல் 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மிச்சத்தின் ஒரு பெரிய பகுதி பிடிபட்டது. தன் வேலையை எப்படி, எப்போது, எந்த வேகத்தில் செய்வது என்பதில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதைப் பொறுத்தே இதயநோய் கூடவும் குறையவும் செய்தது.

இதன் இன்னொரு முகத்தை, முன்கூட்டித் தெரியாமையை, ஆய்வாளர் ஜே வைஸ் எலிகளிடம் எளிமையாகக் காட்டியிருக்கிறார். இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு மின்அதிர்ச்சி. ஒன்றுக்கு அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு ஒலி கேட்கும், மற்றதற்கு முன்னறிவிப்பே இல்லை. முன்னறிவிப்பு இல்லாத எலிக்குத்தான் இரைப்பைப் புண் மிக அதிகமாக வந்தது. வலி இரண்டுக்கும் ஒன்றுதான். எப்போது வரும் என்று தெரியாததுதான் இரண்டாவது எலியைச் சிதைத்தது. தறிக்காரரின் வாரக்கூலியை, அடுத்த பாவு எப்போது வரும் என்ற கேள்வியை, இந்த இரண்டாவது எலியின் இடத்திலிருந்துதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பணம் வராத மாதங்கள் மனிதரை என்ன செய்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உலகம் கவனித்த ஒரு ஆதாரம் உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்பு ஒருமுறையும் பணம் வந்த பிறகு ஒருமுறையும் சோதித்தார்கள். அதே ஆள், அதே படிப்பு, அதே மூளை. வெட்டுக்கு முன்னால் அடகும் கைமாற்றுமாகத் திண்டாடும் மாதங்களில் அவர்கள் யோசனைத் திறன் சோதனைகளில் தெளிவாகவே பின்தங்கினார்கள். வெட்டு உத்தரவு ஆலையிலிருந்து வருவது. ஒருவருக்கு முன்பு, ஒருவருக்குச் சில மாதம் கழித்து. அதனால் பருவத்தின் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. வெட்டுக்கு முன்பு அவர்களுடைய மனஅழுத்தமும் கூடுதலாகவே இருந்தது. ஆனால் யோசனைத் திறன் குறைந்ததற்கு அழுத்தம் மட்டும் காரணமில்லை, பணக்கணக்கே மூளையை அடைத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் நேர்மையாகப் பிரித்துச் சொன்னார்கள். திருவாலங்காடு கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு போடும் திருத்தணி, பள்ளிப்பட்டு விவசாயிகளிடம் இதைப் படித்துக் காட்டினால், இதற்கு ஆராய்ச்சி வேறு தேவையா என்று சிரிப்பார்கள். பொண்ணு கல்யாணத்துக்கு நிலத்தை எழுதிக்கொடுத்த முடிவு எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஊரின் இளைய தலைமுறை தறியையும் கரும்பையும் விட்டு விலகி வருகிறது. விடியும் முன்பே திருத்தணி ரயில் நிலையத்தில் கூட்டம். அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறவர்களுக்குக் கம்பெனி பஸ். வாரம் ஒரு ஷிஃப்ட். இந்த வாரம் பகல் தூக்கம், அடுத்த வாரம் இரவுத் தூக்கம். போக்குவரத்தோடு சேர்த்தால் வீட்டைவிட்டு வெளியே இருக்கும் நேரம் எட்டு மணி நேர வேலைக்கே பன்னிரண்டு பதின்மூன்று மணி ஆகிவிடுகிறது. கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி இரவில் இறங்கும் தாளம் கொண்டது. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அந்தத் தாளம் குலைகிறது.

வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதயநோயில் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. அந்தக் கணக்கு வெளியான இரண்டே வருடத்தில், 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நல்லதுதான். ஆனால் அந்த நாட்களில் நடந்த விவாதத்தில் தொழில் முதலீடு, தொழிலாளர் உரிமை என்ற இரண்டு பக்கங்கள்தான் ஓங்கி ஒலித்தன. பக்கவாதம் என்ற வார்த்தை அவ்வளவாகக் காதில் விழவில்லை. இதே சட்டமன்றம் 2021இல், கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் போட்டதையும் சொல்ல வேண்டும். ஒரு நாற்காலியும் மருத்துவம்தான் என்று அன்றைக்குப் புரிந்திருந்தது.

அடுத்தது கடன். இந்த எல்லைப் பகுதிக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. ஆந்திரத்தில் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் கிராமம் கிராமமாகப் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்து, வாரா வாரம் வசூலித்தன. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவே அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். கடன் நெருக்கடியோடு தொடர்புடைய தற்கொலைகள் பெரிய சர்ச்சையான பிறகு, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வசூலைக் கட்டுப்படுத்தியது. பெரிய நிறுவனங்கள் அங்கே தடுமாறின. நம் பக்கம் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கட்டாய வசூலைத் தடுக்கும் தனிச் சட்டத்துக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வசூல்காரர் எந்த நாளில் வருவார் என்பது தெரிந்ததுதான். எந்த நேரத்தில் வருவார், எப்படிப் பேசுவார், யார் முன்னால் பேசுவார் என்பதுதான் அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரவு தூக்கத்தைக் கெடுப்பது. வட்டி விகிதத்தைப் பற்றி நிறைய எழுதுகிறோம். வசூலின் நேரமும் தொனியும் அதே அளவுக்கு உடல்நலப் பிரச்சினை.

இவ்வளவையும் சுமந்துகொண்டு வருகிறவர் ‘எனக்கு மனஅழுத்தம்’ என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைவதில்லை. நெஞ்சு படபடன்னு வருது, தலை பாரம், கேஸ் ஏறுது, உடம்பெல்லாம் எரியுது, கை கால் இழுக்குது. வெளிநோயாளர் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் ஒருவருக்கு மருத்துவர் தரக்கூடிய நேரத்தில், வாயுவுக்கும் வலிக்கும் மாத்திரை எழுதுவதைத் தாண்டிப் போவது கடினம். பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான சிக்கல்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சைக்கே போகவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 115ஆவது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. சட்டத்தைப் பொறுத்தவரை நல்ல சட்டம். ஆனால் அழுத்தம் கண்ணுக்குத் தெரிவதே அந்தக் கட்டத்தில்தான் என்றால், அதற்கு முந்தைய பத்து வருடங்களைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனசு விட்டுப்போனதுபோல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை முறையாகக் கேட்க அவர்களைப் பழக்கலாம். கேட்பது மட்டுமல்ல, பேசித் தேற்றவும் மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களால் முடியும் என்பதற்குக் கோவாவில் விக்ரம் பட்டேல் குழு ஆதாரம் காட்டியிருக்கிறது. கடும் மனச்சோர்வில் இருந்தவர்களிடம் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசியதில், மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 39 சதவீதம்தான். முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

திருத்தணிக்கென்று இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வட்டம் இது. இன்றைக்கும் பள்ளிப்பட்டு பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, பள்ளிக்கூடம் தமிழ். கணக்கு வழக்கைத் தமிழில் பேசுகிறவர்கூட அழும்போது தாய்மொழிக்குத்தான் போவார். ஆலோசகர் பணிக்கு ஆள் எடுக்கும்போது இரண்டு மொழியும் தெரிந்தவராகப் பார்த்து எடுப்பது செலவில்லாத காரியம். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் இலவசமாகப் பேசலாம். அந்த எண் தறிக்கூடங்களின் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

நம் பாட்டன் பூட்டன் இதைவிட அதிகமாக உழைத்தார்கள், பஞ்சம் பார்த்தார்கள், அவர்களுக்கு ஏது டென்ஷன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு யாரும் பிரஷர் பார்க்கவில்லை என்பது முதல் பதில். திண்ணையில் விழுந்து இறந்தவரைக் காற்று அடித்துவிட்டது என்று சொல்லி எடுத்துப் போட்டார்கள். யோகா, தியானம், கோயில் எல்லாம் வீணா என்றும் கேட்பார்கள். இல்லவே இல்லை. நிதானமான மூச்சு இதயத் துடிப்பை இறக்குகிறது, இது நிரூபணமானது. ஆடிக் கிருத்திகைக்குப் பத்துப் பேர் சேர்ந்து காவடி கட்டிக்கொண்டு மலையேறுவதில் கிடைக்கும் துணையை எந்த மாத்திரையும் தராது. ஆனால் நான்கு தறியை ஓட்டிவிட்டு வருபவரிடம் தினமும் அரைமணி நேரம் தியானம் செய்யச் சொல்கிறவர், அந்த அரைமணிக்கான கூலியை யார் தருவது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிச்சயம் என்பதே மருந்தாக வேலை செய்வதற்கு இந்தோனேசியாவில் சான்று இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிய பகுதிகளில் தற்கொலை விகிதம் சுமார் 18 சதவீதம் குறைந்தது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. யாருக்கும் மனநல ஆலோசனை கொடுக்கப்படவில்லை. நம் மாநிலத்தில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை இலவசம் என்று கேலி செய்கிறவர்கள், மாதம் ஒரு நாள் தவறாமல் வரும் ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் உறக்கத்துக்கு என்ன செய்கிறது என்று அளந்துவிட்டுக் கேலி செய்யலாம். தொகை சிறியதுதான். தேதி பெரியது. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் என்பதையும் இப்படிப் பார்க்கலாம். கரண்ட் பில் பயம் ஒன்று குறைகிறது. தறி வைத்திருப்பவருக்குக் குறைகிறது என்று திருத்திச் சொல்ல வேண்டும். கூலிக்கு ஓட்டுபவருக்கு அது போய்ச் சேருவதற்கு உத்தரவாதம் இல்லை.

நெசவு ஊர்களில் கூலி உயர்வுக்காகத் தறிகள் நிறுத்தப்படுவதும், அதிகாரிகள் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு நடப்பதும் பழகிப்போன காட்சி. உரிமையாளர் ஒரு பக்கம், நெசவாளர் ஒரு பக்கம், நடுவில் வருவாய்த் துறையும் தொழிலாளர் துறையும். பேச்சு, சேலைக்கு எத்தனை ரூபாய் கூட்டுவது என்பதிலேயே ஆரம்பித்து அதிலேயே முடிகிறது. கூலி எந்தக் கிழமை கைக்கு வரும், பாவு வராத நாட்களுக்கு என்ன, முன்பணத்தை வாரக்கூலியில் எவ்வளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது, இரவு எத்தனை மணிக்குத் தறி நிற்க வேண்டும் ஆகியவையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. இவற்றில் பாதிக்கு முதலாளிக்கும் பெரிய செலவில்லை. அந்த மேசையில் சுகாதாரத் துறைக்கும் ஒரு நாற்காலி போடலாம். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் எத்தனை பேர் பிரஷர் மாத்திரை வாங்குகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் தறி ஓட்டுகிறவர்கள், என்ன வயது என்ற கணக்கைத் தன்னார்வலர்களின் பதிவேடுகளிலிருந்தே தொகுக்க முடியும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு வட்டார மருத்துவ அலுவலர் அந்தக் கணக்கோடு வந்து உட்காரட்டும்.